நில அளவைக்கு எந்தக் கால்குலேட்டர்?

(பன்னிரண்டாம் வகுப்புக் கணித மன்ற மாணவியர்)

சென்ற ஜூன் மாதம், பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில், நம் பள்ளியின் பழைய மாணவியான அக்கா ஒருவர் எங்கள் கணித மன்றத்திற்கு வந்திருந்தார். பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து, நில அளவையாளர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை எடுத்தது போக மீதிப் பணத்தில் ஒரு புரோகிராம் கால்குலேட்டர் வாங்க வேண்டும் என்றார். கடைக்காரர், "பட்டன் எதில் அதிகமோ அதுதான் நல்லது" என்று சொல்லி விலை கூடிய ஒன்றை எடுத்து நீட்டினாராம். "பிள்ளைகளா, நீங்கள்தான் கணக்குப் பிரிவு. எதை வாங்கலாம், சொல்லுங்கள்" என்று கேட்டார்.

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே ஆளுக்கொரு பெயர் சொல்லத் தொடங்கினோம். எங்கள் கணித ஆசிரியையான சகோதரி அவர்கள் கையமர்த்தி, "அவளுக்கு என்ன வேலை என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்கள். யாருக்கும் தெரியாது. "அப்படியானால் முதலில் அவள் வேலையை ஒரு முறை செய்து பாருங்கள். பிறகு கால்குலேட்டரைப் பற்றிப் பேசலாம்" என்றார்கள். இக்கட்டுரை அப்படித்தான் பிறந்தது.

புரோகிராம் கால்குலேட்டர் என்றால் என்ன என்பதை இளைய தங்கைகளுக்கு முதலில் சொல்லிவிடுகிறோம். சாதாரணக் கால்குலேட்டரில் ஒவ்வொரு பட்டனையும் நாமே வரிசையாக அழுத்த வேண்டும். அதே கணக்கை நாற்பது முறை போட வேண்டுமானால் நாற்பது முறையும் அதே வரிசையில் அழுத்த வேண்டும். புரோகிராம் கால்குலேட்டரோ அந்த வரிசையை ஒரு முறை எழுதிக் கொடுத்தால் நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு எண்களை மட்டும் கொடுத்தால் போதும்.

நில அளவையாளர் போடும் கணக்கு

ஒரு நிலத்தைச் சுற்றி நடந்து அளப்பதை டிராவர்ஸ் என்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, அடுத்த மூலைவரை உள்ள நீளத்தையும் திசைக்கோணத்தையும் எடுத்து, அப்படியே மூலை மூலையாகச் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர வேண்டும். திசைக்கோணம் என்பது வடக்கிலிருந்து கடிகார முள் சுற்றும் பக்கமாக எடுக்கும் கோணம்.

இங்கேதான் நாம் பத்தாம் வகுப்பில், "இது எதற்குப் பயன்படும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே படித்த முக்கோணவியல் வந்து நிற்கிறது. நீளத்தைத் திசைக்கோணத்தின் கொசைனால் பெருக்கினால் எவ்வளவு வடக்கே போனோம் என்று தெரியும். சைனால் பெருக்கினால் எவ்வளவு கிழக்கே போனோம் என்று தெரியும். தெற்கும் மேற்கும் கழித்தல் குறியோடு வரும். சுற்றி முடித்தபின் வடக்கு–தெற்கு எண்களையெல்லாம் கூட்டினால் சுழியம் வர வேண்டும், கிழக்கு–மேற்கும் அப்படியே. புறப்பட்ட இடத்திற்கே திரும்பிவிட்டோம் அல்லவா? ஆனால் ஒருபோதும் சரியாகச் சுழியம் வருவதில்லை. வரும் மிச்சமே குளோசிங் எரர் எனப்படும் மூடல் பிழை.

எளிய எண்களில் ஒன்றைப் போட்டுக் காட்டுகிறோம். அ, ஆ, இ, ஈ என நான்கு மூலைகள். அ–ஆ 60 மீட்டர், திசைக்கோணம் 30°. ஆ–இ 80 மீட்டர், 120°. இ–ஈ 60.05 மீட்டர், 210°. ஈ–அ 79.94 மீட்டர், 300°. முதல் கோட்டில் வடக்கே 51.962, கிழக்கே 30.000. இரண்டாவதில் தெற்கே 40.000, கிழக்கே 69.282. மூன்றாவதில் தெற்கே 52.005, மேற்கே 30.025. நான்காவதில் வடக்கே 39.970, மேற்கே 69.230. கூட்டிப் பாருங்கள். தெற்கே 0.073 மீட்டரும் கிழக்கே 0.027 மீட்டரும் மிஞ்சும். பித்தாகரஸ் தேற்றப்படி மொத்தப் பிழை ஏறத்தாழ 0.078 மீட்டர், அதாவது எட்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மொத்தச் சுற்றளவு 279.99 மீட்டர். ஆகவே பிழை ஏறத்தாழ 3,600-க்கு 1.

இந்தப் பிழையை, கோடுகளின் நீளத்துக்கு ஏற்பப் பங்கிட்டுத் திருத்துவார்கள். அமெரிக்கக் கணித அறிஞர் நத்தானியேல் பௌடிச் 1808-இல் வெளியிட்ட முறை அது. இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. திருத்தியபின் மூலைகளின் ஆயத்தொலைகளைக் கொண்டு பரப்பளவு காண்பார்கள். நான்கு மூலை நிலத்திற்கே இவ்வளவு கணக்கு என்றால் முப்பது மூலையுள்ள ஏரிக்கரைக்கு எவ்வளவு ஆகும்!

இந்தக் கணக்கு நம் ஊருக்குப் புதிதன்று. 1794-இல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளியே பிற்காலத்தில் கிண்டிப் பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. 1802-இல் வில்லியம் லாம்டன், பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்து, இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். அப்பணியில் கணக்குப் போடுவதற்கென்றே ஆட்கள் இருந்தனர். அவர்களுக்கு 'கம்ப்யூட்டர்' என்றே பதவிப் பெயர்! 1831-இல் அப்படிச் சேர்ந்தவர்தான் பிற்காலத்தில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரக் கணக்கில் பெயர் பெற்ற வங்காளத்து ராதாநாத் சிக்தார். மடக்கை அட்டவணையைப் புரட்டிப் புரட்டி அவர்கள் மாதக்கணக்கில் போட்டதை இன்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறோம்.

மைதானத்தில் எங்கள் பாடு

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, அக்கா தம் அலுவலகத்தில் அனுமதி பெற்றுத் தியோடலைட் கருவியையும் இரும்பு நாடாவையும் கொண்டுவந்தார். எம் பள்ளி மைதானத்துக்கு ஐந்து மூலைகள். சுற்றளவு ஏறத்தாழ 310 மீட்டர். காலையில் அளந்து முடித்துவிட்டோம். மாலையில் சாதாரணச் சயின்டிஃபிக் கால்குலேட்டரில் மூவர் தனித்தனியே கணக்குப் போட்டார்கள். மூன்று பேருக்கும் மூன்று விடை. ஒருத்தி கழித்தல் குறியை விட்டுவிட்டதால் எங்கள் மைதானம் எண்பது மீட்டர் திறந்தே கிடந்தது. அது பெரிய பிழையானதால் பார்த்தவுடன் பிடிபட்டுவிட்டது.

மற்ற இருவரும் ஒருவருக்கொருவர் திருத்திக்கொண்டு ஒரே விடைக்கு வந்தார்கள். மூடல் பிழை 12 சென்டிமீட்டர். ஏறத்தாழ 2,600-க்கு 1. அக்காவின் அலுவலகத்தில் 5,000-க்கு 1-ஐ விட மோசமாக இருந்தால் மறுபடியும் அளக்கச் சொல்லிவிடுவார்களாம். நாடாவைச் சரியாக இழுத்துப் பிடிக்கவில்லை என்று நாங்களே முடிவு செய்துகொண்டு, அடுத்த சனிக்கிழமை வெயிலில் ஐந்து கோடுகளையும் திரும்ப அளந்தோம். நீளம் மாறவில்லை. அதற்கடுத்த வாரமும் அளந்தோம். நாடா பிடித்தவர்களுக்கும் கணக்குப் போட்டவர்களுக்கும் இடையே சற்று மனத்தாங்கலும் உண்டாயிற்று.

கடைசியில் கண்டுபிடித்தது, அளவை எழுதும் பொறுப்பில் இருந்த ஒன்பதாம் வகுப்புத் தங்கை. மூன்றாவது கோட்டின் திசைக்கோணம் 62°15′. அதைக் கால்குலேட்டரில் 62.15 என்று அடித்திருந்தோம்! 15 நிமிடம் என்பது கால் பாகை, ஆகவே 62.25 என்றல்லவா அடித்திருக்க வேண்டும்? வித்தியாசம் 0.1 பாகைதான். ஆனால் 63 மீட்டர் நீளத்தில் அது 11 சென்டிமீட்டர். திருத்தியதும் மூடல் பிழை 4 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. மற்றக் கோடுகளில் நிமிடம் வந்த இடத்திலெல்லாம் சரியாக மாற்றியிருந்தோம். அந்த ஒன்றில் மட்டும் இருவரும் ஒரே தவறைச் செய்திருந்தோம். பாகை–நிமிடத்திற்கென்று அந்தக் கால்குலேட்டரிலேயே ஒரு பட்டன் இருந்தது. நாங்கள்தான் அதைத் தொடவில்லை.

பதினொரு சென்டிமீட்டர்தானே என்று நாங்கள் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. 80 மீட்டர் நீளமுள்ள வரப்பு முழுவதும் 10 சென்டிமீட்டர் நகர்ந்தால் 8 சதுர மீட்டர் ஆகிறது. ஒரு சென்ட் என்பது 40.47 சதுர மீட்டர். ஆக, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சென்ட் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போய்விடும். "அண்ணன் தம்பி இரண்டு பேர் எல்லைக்கல்லுக்கு இரண்டு பக்கமும் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்போது, நான் நிமிடத்தைத் தசமமாக அடித்துவிட்டேன் என்று சொல்ல முடியுமா?" என்றார்.

எண்பது மீட்டர் தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. பதினொரு சென்டிமீட்டர் தவறோ நாடாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு ஒளிந்துகொள்கிறது. கால்குலேட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, இப்படி ஒளியும் தவறுக்கு இடம் தராதது எது என்றே பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு அன்றுதான் விளங்கியது.

தாத்தாவின் இரண்டு பொறிகள்

எங்களுள் ஒருத்தியின் தாத்தா வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். செய்தி கேட்டு, தம்மிடமிருந்த இரண்டு கால்குலேட்டர்களைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு பள்ளிக்கே வந்துவிட்டார். ஒன்று ஹியூலட்–பேக்கார்டு 41சிவி. மற்றொன்று கேசியோ எஃப்எக்ஸ்–5800பி.

தாத்தா பழைய கதையிலிருந்து தொடங்கினார். ஹியூலட்–பேக்கார்டு நிறுவனம் 1972-இல் எச்பி–35 என்ற சயின்டிஃபிக் கால்குலேட்டரை 395 டாலருக்கு விற்றது. கையடக்கமான புரோகிராம் கால்குலேட்டர் எச்பி–65 வந்தது 1974-இல். விலை 795 டாலர். அதில் 100 கட்டளைகள் மட்டுமே எழுதலாம். அணைத்துவிட்டால் எல்லாம் மறந்துவிடும்; ஆகவே சின்னக் காந்த அட்டை ஒன்றில் பதிந்து வைத்து, வேண்டும்போது செருக வேண்டும். 1975-இல் அமெரிக்க, ரஷ்ய விண்கலங்கள் வானத்தில் இணைந்தபோது அமெரிக்கர்கள் இதைத்தான் உடன் கொண்டு சென்றார்களாம். 1977-இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ–59 வந்தது. அதில் 960 கட்டளைகள்வரை எழுதலாம்.

"அம்மாடி, அந்தக் காலத்துப் பொறியெல்லாம் வெறும் எண்ணைத்தான் காட்டும். அடுத்து நீளத்தை அடிக்க வேண்டுமா, கோணத்தை அடிக்க வேண்டுமா என்று நாமே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். மத்தியான வெயிலில் யாருக்கு ஞாபகம் இருக்கும்?" என்றார் தாத்தா. 1979-இல் வந்த 41சி-யில்தான் ஹியூலட்–பேக்கார்டு முதன்முதலாகத் திரையில் எழுத்தையும் காட்டியது. நீளம் வேண்டுமானால் நீளம் என்று கேட்கும். கோணம் வேண்டுமானால் கோணம் என்று கேட்கும். அணைத்தாலும் புரோகிராமை மறக்காது. நில அளவைக்கென்றே தயாரித்த புரோகிராம் பெட்டியை வாங்கி அதன் முதுகில் செருகிக்கொள்ளவும் வழி இருந்தது. 1990-இல் அதன் உற்பத்தி நின்ற பிறகும் பல சர்வேயர்கள் அதைக் கைவிடவில்லை.

அதில் சமக்குறி பட்டனே கிடையாது! இரண்டையும் மூன்றையும் கூட்ட வேண்டுமானால் 2, என்டர், 3, கூட்டல் என்று அழுத்த வேண்டும். யான் லூகாசியேவிச் என்ற போலந்து நாட்டுத் தருக்க அறிஞர் அடைப்புக்குறியே தேவைப்படாத ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். அதைத் திருப்பிப் போட்ட முறை இது. முதல் அரைமணி நேரம் எங்களுக்குத் தலை சுற்றியது. பழகியபின் அதன் சிறப்புத் தெரிந்தது. கணக்கின் ஒவ்வொரு படியிலும் இடைவிடை கண்முன் நிற்கிறது. ஏதாவது கோணலாக வந்தால் அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இரண்டு பொறிகளிலும் ஒரே டிராவர்ஸ் புரோகிராமை எழுதினோம். அதன் போக்கு இதுதான். முதலில் மூன்று கூட்டுத்தொகைகளைச் சுழியமாக்கு. நீளம் கேள். நீளம் சுழியம் என்று கொடுத்தால் சுற்று முடிந்தது என்று எடுத்துக்கொள். இல்லையேல் கோணம் கேள். நீளத்தையும் கோணத்தையும் வடக்கு, கிழக்கு அளவுகளாக மாற்று. அவற்றைத் தத்தம் கூட்டுத்தொகையில் சேர், நீளத்தையும் சேர். மறுபடி நீளம் கேள். முடிந்ததும் மிச்சம் இரண்டையும், மூடல் பிழையையும், எத்தனைக்கு 1 என்பதையும் காட்டு. எண்பது, தொண்ணூறு கட்டளைகளுக்குள் இதைச் சுருக்கமாக எழுதிவிடலாம். 5800பி-யில் புரோகிராமுக்கென 28,500 பைட் இடம் உண்டு என்று அட்டையில் பெருமையாக அச்சிட்டிருந்தது. இந்த வேலைக்கு அதில் ஒரு மூலை போதும். ஆகவே, நினைவிடம் எவ்வளவு என்று கேட்டு விலையை ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை என்பது எங்கள் எண்ணம்.

வேண்டியவை வேறு. முதலாவது, நீளத்தையும் கோணத்தையும் ஒரே அழுத்தில் வடக்கு–கிழக்காக மாற்றும் வசதி. அதைத் திருப்பிச் செய்யும் வசதியும் வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் 2007-இல், எச்பி–35 வெளியாகி 35 ஆண்டுகள் ஆனதைக் கொண்டாடி அதே நிறுவனம் வெளியிட்ட எச்பி–35எஸ் பொறியில் இந்த மாற்றத்துக்கெனத் தனிப் பட்டன் இல்லை! சிக்கலெண்களைக் கொண்டு சுற்றி வளைத்துச் செய்ய வேண்டும். கணினியோடு இணைக்கவும் வழியில்லை. புரோகிராம் முழுவதையும் கையாலேயே அடிக்க வேண்டும். பெயர் பெற்ற நிறுவனம், அழகான பொறி. இருந்தும் சர்வேயர்கள் மனம் நொந்தார்கள். அதற்கு முந்திய எச்பி–33எஸ் பொறியில் அந்த மாற்றப் பட்டன் இருந்தது. ஆனால் முதலில் வந்தவற்றில் தசமப்புள்ளி கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, பின்னர் பெரிதாக்கினார்கள். புள்ளி தெரியாவிட்டால் 6.215-க்கும் 62.15-க்கும் என்ன வேறுபாடு?

இரண்டாவது, எங்களை மூன்று வாரம் அலைக்கழித்த அந்த நிமிடக் கணக்கு. இதில் இரண்டு பொறிகளும் இரண்டு வழியில் போகின்றன. கேசியோவில் 62 அடித்து, பாகைப் பட்டனை அழுத்தி, 15 அடித்து, மறுபடி அதே பட்டனை அழுத்த வேண்டும். திரையில் 62, 15 இரண்டும் குறியோடு தெரியும். 41சிவி-யில் 62.15 என்றே அடிக்கலாம். புள்ளிக்குப் பின் முதல் இரண்டு இலக்கம் நிமிடம், அடுத்த இரண்டு வினாடி என்று எடுத்துக்கொண்டு, மாற்றும் கட்டளை அதைத் தசமப் பாகையாக்கும். அந்தக் கட்டளையைப் புரோகிராமுக்குள்ளேயே எழுதிவிட்டால் விரல் மறந்தாலும் பொறி மறக்காது. விரைவானது இதுதான்.

ஆனால் இதில் வேறொரு குழி இருக்கிறது. வரைபடத்தில் கோணம் 62.25 என்று தசமமாகவே எழுதியிருந்தால்? அதை அப்படியே அடித்தால் பொறி 62 பாகை 25 நிமிடம் என்று எண்ணிக்கொள்ளும். மறுபடியும் பிழை, மறுதிசையில்! எந்தப் பொறியானாலும், எங்கள் புரோகிராம் கோணத்தை எந்த வடிவில் கேட்கிறது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பொறியின் முதுகில் ஒட்டிவிடுவது என்று தீர்மானித்தோம்.

மூன்றாவது வெயில். இரண்டையும் மைதானத்தின் நடுவில் பன்னிரண்டு மணிக்கு வைத்துப் பார்த்தோம். இரண்டின் திரையும் படிக்கும்படி இருந்தன. எங்கள் வீட்டுக் கைப்பேசிதான் கண்ணாடி போல எங்கள் முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. 5800பி-யின் திரையில் நான்கு வரி தெரியும். 41சிவி-யில் ஒரே வரி. மின்கலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 41சிவி கேட்கும் 'என்' அளவுக் குட்டை மின்கலம் நான்கும் எங்கள் ஊர்க் கடை எதிலும் கிடைக்கவில்லை. தாத்தா வெளியூரிலிருந்து வரவழைத்து வைத்திருந்தார். 5800பி-க்கோ சுவர்க்கடிகாரங்கள் சிலவற்றுக்குப் போடும் மெல்லிய மூன்று 'ஏ' மின்கலம் ஒன்று போதும், பெட்டிக்கடையிலும் கிடைக்கும். ஊர் எல்லையில் வேலை நடக்கும்போது இந்த வேறுபாடு பெரிதாகத்தான் தெரியும்.

"இத்தனையும் எதற்கு? கைப்பேசி இருக்கிறதே, டோட்டல் ஸ்டேஷன் கருவியே எல்லாக் கணக்கையும் போட்டுவிடுகிறதே" என்று அக்காவின் அம்மா கேட்டார்களாம். நியாயமான கேள்விதான். பெரிய வேலைகளில் கருவியே கணக்கைப் போட்டுவிடுகிறது. கைப்பேசியிலும் 41-ஐப் போலவே நடந்துகொள்ளும் செயலிகள் உள்ளன. ஆனால் கருவி சொல்வது சரியா என்று வேறொரு கையால் சரிபார்க்க ஒன்று வேண்டும் என்கிறார் அக்கா. அழைப்பு வந்தால் கணக்கு நிற்காத பொறியாகவும், மண் படிந்த விரலுக்கும் அசையும் பட்டன் உள்ளதாகவும் அது இருக்க வேண்டுமாம். தேர்வுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் நில அளவையாளர் உரிமத் தேர்வு நடத்தும் அமைப்பு, குறிப்பிட்ட சில கால்குலேட்டர்களுக்கு மட்டுமே அனுமதி என்று விதித்தபோது, புரோகிராம் வசதியுள்ள எச்பி–33எஸ், 35எஸ் இரண்டும் அப்பட்டியலில் இடம்பெற்றன. பழைய 41-க்கு இடமில்லை. பட்டனில் குறை கண்டவர்களும் அவற்றை வாங்கியது அதனால்தான். நம் நாட்டில் பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்விலோ கணினித் திரையிலேயே ஒரு கால்குலேட்டர் தருகிறார்கள். நம் பொறியை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆகவே தேர்வுக்கென்று ஒன்று, தொழிலுக்கென்று ஒன்று எனப் பிரித்துக்கொள்வதே நல்லது என்று நினைக்கிறோம்.

எது தேறியது?

தாத்தாவுக்கு 41சிவி-யின் மேல்தான் உயிர். "இதை நான் சும்மாவே தருகிறேன், எடுத்துக்கொள்" என்று அக்காவிடம் நீட்டினார். அக்கா தயங்கினார். அன்று மாலை, தம்மோடு நாடா பிடிக்கும் உதவியாளரான அண்ணனை அழைத்து வந்து இரண்டையும் அவர் கையில் கொடுத்தார். பத்தாம் வகுப்புவரை படித்தவர் அவர். கேசியோவில் திரை கேட்கக் கேட்க எண்களை அடித்து, எங்கள் நான்கு மூலைக் கணக்கை முதல் தடவையிலேயே முடித்துவிட்டார். மற்றதில் என்டர் எங்கே வரும் என்று தெரியாமல் இரண்டு முறை தவறினார். "நான் அடிப்பதை இவரும் ஒரு முறை அடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்தால்தான் நான் கல்லை நடச் சொல்வேன்" என்று அக்கா முடிவு சொல்லிவிட்டார். தாத்தாவின் முகம் சற்று வாடியது. எங்களிலும் இருவர், நாலு நாள் பழகினால் அந்த அண்ணனும் கற்றுக்கொள்வார் என்று இன்றுவரை வாதாடுகிறார்கள். அவர்கள் சொல்வதிலும் பொருள் உண்டு.

அக்கா 5800பி ஒன்றைப் பழைய பொருளாகவே வாங்கினார். வாங்கும்போது செய்த சோதனைகளை, பின்னால் யாருக்காவது உதவும் என்பதால் சொல்லுகிறோம். மின்கல மூடியைத் திறந்து, தகட்டில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு பட்டனையும் அழுத்தி, ஓர் அழுத்துக்கு ஓர் எழுத்துதான் விழுகிறதா என்று பார்த்தார். பிறகு சைன் 30 போட்டார். 0.5 வந்தால் பொறி பாகையில் இருக்கிறது. –0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது. வாங்கும் நாளில் மட்டுமன்று, ஒவ்வொரு நாள் காலையிலும் வேலையைத் தொடங்குமுன் இதைப் போட்டுப் பார்ப்பதாகச் சொல்கிறார்.

புரோகிராம் எழுதும்போது எங்களுக்கு ஒரு தடுமாற்றம் நேர்ந்தது. 5800பி, மாற்றிய வடக்கு, கிழக்கு அளவுகளைத் தானாகவே ஐ, ஜே என்ற இரண்டு நினைவிடங்களில் போட்டு வைக்கிறது. அது தெரியாமல், எத்தனையாவது கோடு என்று எண்ணுவதற்கு நாங்களும் ஐ என்ற இடத்தையே எடுத்துக்கொண்டோம். முதல் கோடு முடிந்ததும் 52-ஆவது கோடு என்று பொறி அறிவித்தது! எண்ணும் இடத்தை என் என்று மாற்றியபின் சரியாயிற்று.

அக்காவின் பொறியில் இப்போது மூன்று புரோகிராம்கள் உள்ளன. முதலாவது டிராவர்ஸ். இரண்டாவது, ஆயத்தொலைகளிலிருந்து பரப்பளவைச் சதுர மீட்டராகவும் ஏக்கர், சென்டாகவும் தருவது. 60-க்கு 80 மீட்டர் நிலம் 4,800 சதுர மீட்டர். அது 1 ஏக்கர் 18.6 சென்ட் என்று காட்டும். பத்திரத்தில் எப்படி எழுதியிருந்தாலும் நிலக்காரர்கள் சென்டில்தான் கேட்கிறார்களாம். மூன்றாவது, இரண்டு கற்களின் ஆயத்தொலைகளைக் கொடுத்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ள தூரமும் திசையும் தருவது. காணாமற்போன கல்லைத் தேடும்போது எங்கே தோண்டுவது என்று சொல்வது இதுதான்.

செப்டம்பரில் ஒரு நாள் அக்கா மறுபடி வந்து, எங்கள் மைதான அளவைப் புதிய பொறியில் எங்கள் முன்னாலேயே போட்டார். ஐந்து கோடுகளுக்கும் நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. மூடல் பிழை 4 சென்டிமீட்டர். ஏறத்தாழ 7,700-க்கு 1. ஒன்பதாம் வகுப்புத் தங்கை திருத்திய கணக்கோடு அது ஒத்திருந்தது. மைதானத்தின் அளவுத்தாளும், டிராவர்ஸ் புரோகிராமின் வரிகளும், நான்கு மூலைக் கணக்கின் விடையும் பள்ளி நூலகத்தில் கணித மன்றக் கோப்பில் இருக்கின்றன. வேண்டுவோர் நூலகச் சகோதரி அவர்களைக் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.